உண்டியும் ஒவ்வாமையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் நாட்டு முதுமொழி. அளவினைக் கருதியே பெரியோர் இதனைக் கூறிப் போந்தனர். ஆயின், அளவிற்குச் சிறிதும் மிஞ்சாமலே, எள்ளளவு உட்சென்ற மாத்திரத்தில், ஒருவர்க்கு அமிர்தமாயிருக்கும் பொருள் மற்றொருவர்க்கு நஞ்சாய் மாறுதலும் உலகத்தில் உண்டு. ஒரே பந்தியில் ஐவர் அமர்ந்து கடலையுருண்டை உண்கின்றனர் என்று கொள்வோம். நால்வர் கை கழுவி மகிழ்ச்சியோடு எழுந்து போவர்; ஐந்தாமவர்க்கோ உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்புத் தோன்றி, மூச்சுத் திணறும். பண்டம் கெட்டதன்று, சமைத்தவர் பிழை செய்தாரல்லர், உண்டவரும் மிகுதியாக உண்டாரல்லர். பின்னர் இது நேர்ந்தது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கூறுதலும், இத்தகைய உடலியல்பு உடையார் அச்சமின்றி இனிது வாழ்தற்குரிய நெறிகளை எடுத்துரைத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம். பல ஊர்களினின்றும் வந்து, ஒரே உணவுச்சாலையில் உண்டு, ஒரே விடுதியில் உறைந்து, தின்பண்டங்களையும் தைலங்களையும் தம்முட் பகிர்ந்துகொள்ளும் மாணவர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது என்பது எமது துணிபு.

ஒவ்வாமை இன்னதென்பது

நம் உடம்பை ஒரு கோட்டைக்கு ஒப்பிடலாம். நோய்க்கிருமிகளாகிய பகைவர் உட்புகாவண்ணம் காக்கும் காவற்படை ஒன்று அதனுள் இரவும் பகலும் விழித்திருக்கின்றது. பகைவன் ஒருவன் ஒருமுறை வந்து சென்றால், அவன் அடையாளங்களை அப்படை குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை வருங்கால் விரைந்து தாக்குகின்றது. அம்மை ஒருமுறை கண்டவர்க்கு மீண்டும் எளிதில் வாராமைக்கு இதுவே காரணம். இக்காவலர் சிற்சில வேளைகளில் விருந்தினனையே பகைவனென மயங்கிவிடுகின்றனர். பாலிலும் முட்டையிலும் கடலையிலும் மீனிலும் உள்ள புரதங்கள் உடம்பை வளர்க்க வந்த விருந்தினர். அவற்றுள் ஒன்றை உடம்பு பகையெனக் குறித்துக்கொள்ளுமாயின், அக்குறிப்பே ஒவ்வாமைக்கு வித்தாகும்.

அக்குறிப்புக்கு மருத்துவ நூலார் இட்ட பெயர் இம்யூனோகுளோபுலின் ஈ என்பது. இந்த எதிர்ப்புப் பொருள், தோலிலும் மூக்கிலும் குடலிலும் நிறைந்திருக்கும் மாஸ்ட் அணுக்கள் என்பவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். குறித்த உணவின் புரதம் மீண்டும் வந்து இதனைத் தீண்டியவுடன், அவ்வணுக்கள் தம்முள் அடக்கி வைத்திருந்த ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒருங்கே வெளிவிடுகின்றன. அவற்றால் குருதிக் குழாய்கள் விரிந்து நீர் கசிகின்றது, தோல் தடிக்கின்றது, மூச்சுக் குழாய்கள் சுருங்குகின்றன, வயிறு புரட்டுகின்றது, குருதியழுத்தம் தாழ்கின்றது. இவை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களுக்குள்ளும், சிலரிடத்து இரண்டு மணி நேரத்திற்குள்ளும் தோன்றும்.

“இதுகாறும் பன்முறை உண்டேனே, ஒன்றும் நேரவில்லையே, இன்று மட்டும் ஏன்?” என்று வினவுவார் உளர். குறிப்பெழுதும் காலம் வேறு, தாக்கும் காலம் வேறு என்பதை மேலே கூறினோம். உடம்பு எந்த வயதிலும் குறிப்பெழுதத் தொடங்கலாம். இறால், நண்டு முதலியவற்றின் ஒவ்வாமை வளர்ந்தபின் முதன்முதல் தோன்றுவது பெருவழக்கு. எனவே, முன்னர் உண்டமை பின்னர் உண்பதற்குப் பிணையாகாது.

ஒவ்வாமையையும், அதுபோலத் தோன்றும் பிறவற்றையும் பிரித்தறிதல் வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிகின்றவர் பலர். அது பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்தமையால் வருவது. துன்பமே தவிர உயிர்க்கு ஊறன்று. பாலின் புரதம் ஒவ்வாதவர் நிலையோ வேறு. அவர்க்கு ஒரு தேக்கரண்டி மோரும் தீங்காகலாம். வெயிலில் கிடந்து கெட்ட சூரைமீனை உண்டோர் பலர்க்கு ஒருங்கே முகம் சிவந்து தலை வலிப்பதுண்டு. அம்மீனிலேயே ஹிஸ்டமின் விளைந்திருத்தலால் நேரும் நஞ்சூட்டம் அது, ஒவ்வாமையன்று. நம் பாட்டிமார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று விலக்கி வைத்தனர். உணவிற்கும் தோலிற்கும் தொடர்புண்டு என்ற நுண்ணிய நோக்கு அதில் இருக்கின்றது; எனினும், அனைவர்க்கும் ஒரே விலக்கு என்பது ஒவ்வாமையின் இயல்புக்குப் பொருந்தாது. ஒருவர்க்கு எது ஒவ்வாதென்பதை அவர் உடம்பே கூறும்.

அறிந்த வரலாறு

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையுடையது. 1901-ஆம் ஆண்டில், மொனாக்கோ நாட்டு அரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில், சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கடற்செலவு மேற்கொண்டு, கடலில் மிதக்கும் நச்சுயிர் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிஸ் மீண்டபின், கடற்சாமந்தி என்னும் உயிரின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். ஒருமுறை பிழைத்த நாய் மறுமுறை நஞ்சைத் தாங்கும் வலிமை பெறும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நேர்ந்ததோ மறுதலை. சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவே செலுத்திய மாத்திரத்தில், நலமாயிருந்த நாய் விரைவில் மடிந்தது. காப்புக்கு நேர்மாறானது என்னும் பொருள்பட அனாபிலாக்ஸிஸ் என்று இதற்குப் பெயரிட்டனர். யாம் இதனைப் பேரொவ்வாமை என்று வழங்குவோம். இக்கண்டுபிடிப்பிற்காக ரிஷேக்கு 1913-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அலர்ஜி என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா நகர மருத்துவர் கிளமென்ஸ் ஃபான் பிர்க்கே.

1921-ஆம் ஆண்டில் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினர். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவர் குருதியினின்று பிரித்த நீரைப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் ஊசிவழி ஏற்றிக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, அவ்விடம் மட்டும் தடித்துச் சிவந்தது. மீன் ஒவ்வாமை இல்லாத தம் உடம்பில், நண்பரின் ஒவ்வாமையைத் தாமே வரவழைத்துக் காட்டினார். குருதியில் ஏதோ ஒரு பொருள் உண்டென்பது இதனால் தெளிவாயிற்று. அப்பொருளைப் பிரித்தறிந்து கூற மேலும் 45 ஆண்டுகள் சென்றன. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ந்த ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகாவும் டெருக்கோ இஷிசாகாவும், அடுத்த ஆண்டில் சுவீடன் நாட்டு ஜோஹான்ஸன், பென்னிச் என்போரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். அதுவே நாம் மேலே கூறிய இம்யூனோகுளோபுலின் ஈ.

மறைந்துறையும் பொருள்கள்

எந்த உணவும் எவர்க்கேனும் ஒவ்வாமற் போகலாம். ஆயினும் பெரும்பாலான இடர்களுக்குச் சில உணவுகளே காரணம். அமெரிக்க ஐக்கிய நாட்டார் 2004-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் எட்டினை எண்ணிற்று: பால், முட்டை, மீன், இறால் நண்டு இனம், பாதாம் முந்திரி முதலிய மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா. 2021-ஆம் ஆண்டில் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. நம் இந்திய நாட்டில் 2020-ஆம் ஆண்டின் உணவுப்பொதி விதிகள், ஏறக்குறைய அவ்வெட்டனையும், பசைப்புரதமுள்ள பிற தானியங்களையும், சல்பைட் என்னும் காப்புப் பொருளையும் பொதியின் மேற் குறித்தல் வேண்டுமென விதித்தன. எள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் மிளகாய்ப்பொடியும் அன்றாடம் புழங்கும் தமிழ்நாட்டில், எள் ஒவ்வாதார் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

வெளிப்படையாகத் தெரியும் பொருளை விலக்குதல் எளிது. மறைந்துறைவதை அறிதலே அரிது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ப்பது வழக்கம். அரிசிச் சோறும் சாம்பாரும் மட்டுமே உண்டும் கோதுமை ஒவ்வாதவர் துன்புறுவதற்கு இதுவும் காரணமாகலாம். நெய் உருக்கியதேயாயினும் அதில் பாற்புரதம் சிறிது எஞ்சியிருத்தல் கூடும். பசும்பால் ஒவ்வாதார்க்கு எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒவ்வா. அவற்றின் புரதங்கள் உடன்பிறந்தார் போல ஒத்திருக்கின்றன. நன்கு சுத்திகரித்த கடலையெண்ணெயில் புரதம் மிகச் சிறிதே எஞ்சும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது மிகுதி. பிறர்க்கு நல்லதென்று போற்றப்படும் செக்கெண்ணெய், கடலை ஒவ்வாதார்க்கு நல்லதன்று. உணவுச்சாலைக் குருமாவைக் கெட்டியாக்க முந்திரியோ நிலக்கடலையோ அரைத்து விடுவதும், சட்டினியில் தேங்காயோடு கடலை கலப்பதும் யாவரும் அறிந்தனவே.

பொருளைச் சேர்க்காவிடினும், கருவி வழியாக அது கலத்தல் உண்டு. மீன் பொரித்த எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போடுவர். கடலை அரைத்த அம்மியில் மிளகாய் அரைப்பர். பால் கலக்கிய கரண்டியைக் கடுங்காப்பியில் இடுவர். இங்ஙனம் ஒட்டிவரும் அளவும் சிலர்க்குப் போதும்.

இதன் கொடுமையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த நடாஷா எட்னன்-லபரூஸ் என்னும் பதினைந்து வயது நங்கை, விமானம் ஏறுமுன் ஒரு பொதிந்த ரொட்டியை வாங்கி, எள் இல்லையென நம்பி உண்டார். மாவிற் கலந்திருந்த எள் பொதியின்மேற் குறிக்கப்படவில்லை. அக்காலச் சட்டம் கடையிலேயே செய்து பொதியும் உணவிற்கு அதனைக் கட்டாயமாக்கவும் இல்லை. அவர் அன்றே உயிர் நீத்தார். பெற்றோர் தம் துயரை உள்ளடக்கிச் சட்டம் திருந்த உழைத்தனர். 2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் அத்தகைய பொதிகளிலும் சேர்பொருள் முழுவதும் எழுதப்படல் வேண்டும் என்னும் விதி, நடாஷாவின் பெயராலேயே வழங்கி வருகின்றது. ஒரு சொல் எழுதாமையால் ஓர் உயிர் போயிற்று. பொதியின்மேல் இருக்கும் சிற்றெழுத்தை ஒவ்வொரு முறையும் படித்தல் வீண் அச்சம் அன்றென்பது இதனால் விளங்கும். நேற்று வாங்கிய அதே பண்டமாயினும் இன்று செய்முறை மாறியிருத்தல் கூடுமாதலின், மீண்டும் படித்தலே அறிவுடைமை.

இனிப்பை இழத்தல் வேண்டா

ஒவ்வாமையுடையார்க்குப் பண்டிகைகள் வருத்தம் தருவனவாகப் பலர் எண்ணுகின்றனர். தீபாவளிக்கு முந்திரிக் கேக்கு, கிறிஸ்துமஸ் நாளில் முட்டையும் பாதாமும் கலந்த பழக்கேக்கு, ரமலான் நாளில் பாற்சேமியா எனத் தட்டுகள் வரும்போது, வாய் மூடியிருப்பது எளிதன்று. ஆயினும், இனிப்பு என்பது பாலும் கொட்டையும் முட்டையும் மட்டுமன்று. நம் நாட்டு உணவு அரிசி, தேங்காய், வெல்லம் என்னும் மூன்றின் மேல் எழுந்ததாதலின், விலக்கு உடையாரும் விருந்துண்ண இடம் மிகுதியாக உண்டு.

பால் ஒவ்வாதார் தேங்காய்ப்பாலிற் செய்த பருப்புப் பாயசமும், இடியாப்பமும் உண்ணலாம். கொட்டையும் கடலையும் ஒவ்வாதார்க்குப் பொரியுருண்டையும், தேங்காயும் வெல்லமும் காய்ச்சிய கமர்கட்டும் உள்ளன. கோதுமை ஒவ்வாதார்க்குத் தென்னாடு நற்பேறான இடம். புட்டு, ஆப்பம், கொழுக்கட்டை, கேழ்வரகுக் களி எனப் பட்டியல் நீளும். ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். முட்டை ஒவ்வாதார், தயிரோ வாழைப்பழமோ சேர்த்துப் பிசைந்த முட்டையிலாக் கேக்கை உண்ணலாம். தேங்காயே ஒவ்வாதாரும் சிலர் உளர். அவர்க்கு நுங்கும் பனங்கிழங்கும் பலாச்சுளையும் உண்டு. எவ்வினிப்பாயினும், அதனை முதலிற் செய்து, தனிக்கலத்தில் மூடி வைத்துவிட்டுப் பின்னர் ஏனையவற்றைச் செய்தல் நலம். கரிய சாக்கலேட்டில் பால் இல்லையென்று நம்பி உண்பார் பலர். பாற்சாக்கலேட்டு வார்த்த பொறியிலேயே அதனையும் வார்ப்பதால் பால் ஒட்டிவருதல் மிகுதி என்பதை அவர் அறிதல் வேண்டும்.

தோலும் ஒரு வாயில்

உண்டியைப் பற்றிப் பேசவந்த யாம் பூச்சையும் ஒப்பனையையும் குறிப்பது ஏனென்று கேட்கலாம். உணவுப் பொருள் உடம்பிற்குட் புகும் வாயில் வாய் ஒன்று மட்டுமன்று என்பதே விடை.

ஜப்பான் நாட்டில் நேர்ந்ததைக் கேண்மின். அங்கே முகம் கழுவுதற்கென விற்பனையான ஒரு சவர்க்காரத்தில், நுரை மென்மையாக இருத்தற்பொருட்டு, அமிலத்தாற் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. நாடோறும் அதனால் முகம் கழுவியவர் பலர்க்குத் தோல் வழியாகவும் கண் மூக்கின் மெல்லிய சவ்வு வழியாகவும் அப்புரதம் உட்புக, உடம்பு கோதுமையைப் பகையெனக் குறித்துக்கொண்டது. அதன்பின், வாழ்நாளெல்லாம் இடரின்றி ரொட்டியும் நூடுல்ஸும் உண்டு வந்தவர், அவற்றை உண்டு சிறிது நடந்தாலோ உழைத்தாலோ தடிப்புக் கண்டு மயங்கி விழலாயினர். 2011-ஆம் ஆண்டில் அச்சவர்க்காரம் திரும்பப் பெறப்பட்டது. இங்ஙனம் துன்புற்றார் 2,000-க்கு மேற்பட்டோர் என உறுதி செய்யப்பட்டது. முகத்திற் பூசியது உணவை நஞ்சாக்கிய வரலாறு இது. 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியும், கடலையெண்ணெய் கலந்த களிம்பைச் சொறிபடர்ந்த தோலிற் பூசிய குழந்தைகளிடத்துக் கடலை ஒவ்வாமை மிகுந்திருத்தலைக் காட்டிற்று. வெடித்தும் புண்பட்டும் உள்ள தோல் திறந்து கிடக்கும் கதவை ஒக்கும்.

நம் நாட்டிலோ உணவே ஒப்பனையாகவும் இருந்து வருகின்றது. முகத்திற்குக் கடலைமாவும் பாலாடையும், கூந்தலுக்கு முட்டையின் வெண்கரு, தலைமுழுகுதற்கு நல்லெண்ணெய், குழந்தைக்குப் பயற்றமாவு, மணப்பெண்ணுக்கு நலங்குமாவு, உதட்டிற்கு வெண்ணெய் என நம் அடுக்களையும் நிலைக்கண்ணாடியும் அடுத்தடுத்தே உள்ளன. ஒவ்வாமை இல்லார்க்கு இவை இனியனவே. உள்ளவரோ, தமக்கு உண்ணலாகாத பொருள் பூசலும் ஆகாதென்று விதித்துக்கொள்ளல் நன்று.

கடைச்சரக்கில் இன்னொரு தொல்லை உண்டு. உணவுப் பொதியில் எளிய பெயரால் குறிக்கப்படும் பொருள், பூச்சுப் புட்டியில் இலத்தீன் பெயரோடு மறைந்து நிற்கின்றது. அராக்கிஸ் ஹைப்போஜியா என்பது நிலக்கடலை. புரூனஸ் அமிக்டலஸ் டல்சிஸ் என்பது இனிப்புப் பாதாம். செசமம் இண்டிகம் எள். டிரிட்டிகம் வல்கேர் கோதுமை. கிளைசின் சோயா, பெயரே கூறுமாறு, சோயா. கோக்கஸ் நூசிபெரா தேங்காய். லாக் என்பது பால். ஓவம் என்பது முட்டை. இவ்வெட்டுப் பெயரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளின் கடையில் உதவும். உதட்டுச் சாயத்திற்குச் செந்நிறம் ஊட்டும் கார்மைன் என்பது, சப்பாத்திக்கள்ளியின் மேல் வாழும் ஒரு சிறு பூச்சியினின்று எடுப்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் இப்பூச்சியை வளர்க்கவே சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். இச்சாயம் சிலர்க்குப் பேரொவ்வாமை விளைத்தமையால், இதன் பெயரை உணவிலும் ஒப்பனைப் பொருளிலும் வெளிப்படக் குறிக்குமாறு அமெரிக்க அரசினர் 2009-ஆம் ஆண்டில் விதி செய்தனர். உதட்டிற் பூசியது சிறிது சிறிதாக வயிற்றுக்கே செல்கின்றது என்பதை நினைவுகூர்க.

தலைச்சாயத்தினாலும் கருமருதாணியினாலும் ஓரிரு நாள் கழித்துத் தோன்றும் கொப்புளம் வேறுவகை ஒவ்வாமை. அது தோலளவில் நின்று மெல்ல வருவது, உணவொவ்வாமையோடு இணைத்துக் குழப்புதல் கூடாது. முன்னர்ப் பேரொவ்வாமை கண்டவர் எப்புதுப் பூச்சையும் தாமே தோலிற் பூசிச் சோதித்தல் தகாது. மருத்துவரை வினவியே செய்தல் வேண்டும்.

உடனுறைவார் கடன்

தம்மைக் காத்தல் ஒவ்வாமையுடையவர் கடன். அவர் காத்துக்கொள்ள இடங்கொடுத்தல் உடனுறைவார் கடன். விருந்தோம்பல் நம்மவர்க்கு உயிரினுஞ் சிறந்தது. “ஒரே ஒரு வாய்,” “என் கையால் செய்தது, மறுக்கலாமா?” என்று வற்புறுத்துதல் அன்பின் மொழியே. ஆயின், ஒவ்வாதவர் வாயில் அவ்வொரு வாய் என்ன செய்யுமென்பதை மேலே கண்டோம். பத்தியத்தைச் சிறிது மீறினால் மருந்தின் பயன் சிறிது குறையும்; ஒவ்வாமையிற் சிறிது மீறினால் உயிருக்கே ஊறு. வேண்டாமென்பவரை மேலும் வற்புறுத்தாமையே இங்கு உயர்ந்த உபசாரம். விளையாட்டாக, அறியாதவாறு கலந்து கொடுத்துப் “பார்ப்போம்” என்று சோதிப்பாரும் சில விடுதிகளில் உண்டு. அது விளையாட்டன்று; கொலைக்கு அணித்தான செயல்.

ஒவ்வாமையுடைய மாணவரும் நாணத்தால் மறைத்தல் தகாது. விடுதிக் காப்பாளர், சமையற்காரர், அறைத்தோழர் என்னும் மூவரிடத்தேனும் தெளிவாகக் கூறி வைத்தல் வேண்டும். “எனக்குப் பிடிக்காது” என்றால் வற்புறுத்துவர். “எனக்கு ஒவ்வாது, மூச்சு அடைக்கும்” என்றால் எவரும் வற்புறுத்தார். திருமணம் பேசுங்கால் பெண்ணைப் பெற்றோர் இதனைக் குறையென எண்ணி ஒளித்தலும் சில குடும்பங்களிற் காண்கின்றோம். புகுந்த வீட்டு அடுக்களையில் முதல் நாளே இடர் காத்திருக்க, ஒளித்தலால் யாது பயன்?

கைகழுவுதலிலும் ஒரு நுட்பம் உண்டு. கடலை தின்ற கையை வெறும் நீரால் அலம்பினாலும், இக்காலத்து வழங்கும் கிருமிநாசினி நீரைத் தடவினாலும் கடலைப் புரதம் நீங்கிவிடுவதில்லை; சவர்க்காரமிட்டுக் கழுவினால் நீங்குகின்றது. ஒவ்வாத நண்பர் உடனிருப்பின் இவ்வளவேனும் செய்தல் எளிது.

இடர் நேர்ந்தவிடத்து

எத்துணைக் காப்பினும் ஒருநாள் தவறு நேரலாம். தடிப்பும் அரிப்பும் மட்டும் ஆயின் மருத்துவர் தந்த மாத்திரை போதும். குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், மூச்சு இரைத்தல், தலை சுற்றி விழுதல், உண்டபின் தடிப்போடு ஓயாத வாந்தி என்பவற்றுள் ஒன்று தோன்றினும் அது பேரொவ்வாமை எனக் கொள்க. அதற்குரிய மருந்து ஒன்றே: அட்ரினலின். ஜப்பானியரான ஜோக்கிச்சி தகமினே இதனைத் தூய படிகமாகப் பிரித்து 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ரிஷே கப்பலேறிய அதே ஆண்டு! நோய் விளங்குதற்கு முன்னரே மருந்து வந்துவிட்டது.

தொடையின் வெளிப்புறத் தசையில், மருத்துவர் முன்னரே குறித்த அளவில் இவ்வூசியை இடல் வேண்டும். இதற்கென அமைந்த தானியங்கி ஊசியை ஆடையின் மேலாகவே இடலாம். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் நோய் தணியாவிடின் இரண்டாம் ஊசி வேண்டியிருக்கும். ஊசி கையில் இல்லாதார் ஒரு கணமும் தாழ்த்தாது 108 என்னும் எண்ணுக்குச் சொல்லி, அண்மையிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சு முட்டின் சாய்ந்து உட்காரவிடுக. எழுப்பி நடத்துதல் ஒருபோதும் கூடாது, திடீரென எழுந்து நின்றமையாலேயே உயிரிழந்தார் உளர். செட்டிரிசின் முதலிய மாத்திரைகள் அரிப்பை ஆற்றும், மூச்சை மீட்கா. மாத்திரை கொடுத்துவிட்டுக் “காத்திருந்து பார்ப்போம்” என்பதே பெரும்பாலும் உயிர்க்கு உலை வைப்பது. நலம் கண்டபின்னரும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருத்தல் வேண்டும். தணிந்த நோய் மீண்டும் எழுதல் உண்டு.

சோதனையும் நம்பிக்கையும்

இனி, இதற்கு மறுதலையான பிழை ஒன்றையும் கூறி முடிப்பாம். குருதிச் சோதனையில் பத்துப் பதினைந்து உணவுகளின் பெயர் கண்டு, அனைத்தையும் விலக்கி, உடல் மெலிந்து வாடுவாரும் உளர். கருநாடகத்தில் நடந்து 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், வயது வந்தோருள் நூற்றுக்கு 26 பேர்க்கு மேற்பட்டோர் குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்குரிய எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. உண்மையில் ஒவ்வாமையுடையார் எனக் கொள்ளத்தக்கவரோ நூற்றுக்கு 1.2 பேரே. குறிப்பு இருப்பினும் தாக்குதல் நிகழாமலிருத்தல் மிகப் பலரிடத்து உண்டென்பது இதனாற் பெறப்படும். ஆதலின் சோதனைத்தாள் ஒன்றையே நம்பி உணவைத் துறத்தல் தவறு. உண்டது எது, எத்துணை நேரத்தில் யாது நேர்ந்தது என்று எழுதி வைத்து, வல்ல மருத்துவரிடம் காட்டி, வேண்டுமாயின் அவர் கண்முன்னே சிறிது சிறிதாக உண்டு சோதித்து அறிதலே முறை.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகட்கு வளர வளர நீங்கிவிடும்; கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐவருள் ஒருவர்க்கே நீங்கும். வருமுன் காத்தலும் கைகூடி வருகின்றது. லண்டன் நகரில் கிடியன் லாக் என்பாரும் உடன் உழைத்தாரும் 640 பச்சிளங் குழந்தைகளை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, கடலையை ஐந்து வயதுவரை விலக்கிய குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர்க்குக் கடலை ஒவ்வாமை தோன்ற, முதலாண்டிலேயே கடலையுணவு தொடங்கிய குழந்தைகளுள் நூற்றுக்கு 3 பேர்க்கே தோன்றிற்று. விலக்குதலே காப்பு என்று பல்லாண்டு கூறிவந்த மருத்துவ உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்குமாதலின், குழைத்துக் கொடுத்தலே முறை. சொறி மிகுந்த குழந்தைகட்கு மருத்துவர் சொற்படியே தொடங்கல் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் ஒமாலிசுமாப் என்னும் ஊசிமருந்து, தவறி உட்புகும் சிறிதளவு உணவால் விளையும் இடரைக் குறைத்தற்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது விலக்கை நீக்குவதன்று. விலக்குத் தவறியவிடத்துத் துணை நிற்பது.

மாணவ நண்பர்களே! ஒவ்வாமை ஒரு குற்றமும் அன்று, இழுக்கும் அன்று. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டியிருத்தல் போன்ற ஓர் உடலியல்பு. படித்தறிதல், கேட்டறிதல், மருந்தை உடன் வைத்தல் என்னும் மூன்றும் உடையார், ஏனையோரைப் போலவே கற்று, உழைத்து, விருந்துண்டு, நீடு வாழலாம். இவ்வாண்டு உங்கள் உணவுமேசையில் உடன் அமர்பவருள் ஒருவரேனும் இவ்வியல்பு உடையவராயிருத்தல் கூடும். பந்தியில் இலை போடுமுன், “உமக்கு ஒவ்வாதது ஏதேனும் உண்டோ?” என்று ஒரு சொல் கேளுங்கள், அவர் கூறும் விடையை நினைவில் வையுங்கள். பசித்தவர்க்குச் சோறிடுதல் அறமாயின், இட்ட சோறு அவர்க்குத் தீங்கு செய்யாதவாறு பார்த்தலும் அவ்வறத்தின் பகுதியே ஆகும்.